கடலைப் பார்க்கும் வீடும் கடலை மறைக்கும் திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கடலோர வீடுகளைப் பற்றியும் அவற்றை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களைப் பற்றியும் வெளிவந்த வண்ணப் பக்கங்களை நிதானமாக இரண்டு முறை படித்தேன். தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, கண்ணாடிக்கு அப்பால் நீச்சல் குளம், குளத்துக்கு அப்பால் கடல் என்று படங்கள் கண்ணைப் பறித்தன என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டின் பரப்பளவு, பளிங்குக்கல் எந்த நாட்டிலிருந்து வந்தது, விலை எத்தனை மில்லியன் வெள்ளி என்பதெல்லாம் இருந்தன. அந்த வீடு எந்தத் திசையைப் பார்க்கிறது, கடல் ஓதம் ஏறி நிற்கும் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்னும் இரண்டு செய்திகள் மட்டும் எந்தப் படத்தின் கீழும் இல்லை. கடலோர வீட்டைப் பற்றி முதலில் கேட்க வேண்டியவை அவ்விரண்டும்தான் என்று கருதுவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்லன். லுக்குட் வட்டாரத் தோட்டமொன்றில் கட்டடப் பழுதுபார்ப்பு வேலைக்குச் சேர்ந்து, அந்தத் தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு போர்ட்டிக்சன் கடற்கரைப் பக்கம் கட்டடக் குத்தகையாளர் ஒருவரிடம் கட்டுமான மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். கட்டடக் கலைஞர்கள் தாளில் இழுத்த கோடுகள் சிமெண்டாகவும் கம்பியாகவும் எழும்பும்போது பக்கத்தில் நின்றவன் என்ற அளவில்தான் பேசுகிறேன்.

போர்ட்டிக்சன் கரையிலிருந்து பார்த்தால் மலாக்கா நீரிணை மேற்கே கிடக்கிறது. ஆகவே இங்கே கடலைப் பார்க்கும் வீடு என்றால் பெரும்பாலும் மேற்கைப் பார்க்கும் வீடு என்றே பொருள். நம் மலேசியக் கடிகாரப்படி சூரியன் பெரும்பாலும் ஏழு மணியைத் தாண்டித்தான் மறைகிறது. பிற்பகல் தொடங்கி அதுவரை அந்த வெயில் நேராகவும், கடலில் பட்டுத் தெறித்தும், இரண்டு பங்காக வீட்டுக்குள் இறங்குகிறது. நான் மேற்பார்வை பார்த்த ஒரு வீட்டில், உரிமையாளரின் விருப்பப்படி, மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடியாகவே அமைத்தோம். சாவி கொடுத்த நாளில் எல்லாரும் கைதட்டினார்கள். சில மாதங்கள் கழித்து ஒரு கதவு இறுகிக்கொண்டதென்று கூப்பிட்டார்கள். நான் போனபோது மணி மூன்று இருக்கும். கூடம் முழுவதும் கனத்த திரை இழுத்துவிடப்பட்டு, நடுப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. “பொழுது சாய்ந்த பிறகுதான் திரையை விலக்குவோம், அண்ணே” என்றார் வீட்டைப் பார்த்துக்கொண்ட அம்மாள். பொழுது சாய்ந்த பிறகு வெளியே என்ன தெரியும்? உள்ளே விளக்கு எரியும்போது இரவுக் கண்ணாடி நிலைக்கண்ணாடியாகிவிடும். சோபாவும் நம் முகமும்தான் அதில் தெரியும். கடலுக்காகக் கூடுதல் விலை கொடுத்து மனை வாங்கி, பிறகு அந்தக் கடலை மறைப்பதற்கும் பணம் கொடுத்துத் திரை தைக்கிறோம்.

இந்தக் கணக்கு எங்கள் தோட்டத்துப் பெரிய துரை பங்களாவைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. என் தாயார் அங்கே வீட்டு வேலை செய்தபோது நானும் சில நாள் கூடப் போவேன். குன்றின் உச்சியில் நின்ற அந்த வீட்டைச் சுற்றி, கட்டில் போட்டுப் படுக்கும் அளவுக்கு அகன்ற அஞ்சடி, அதாவது தாழ்வாரம், ஓடும். கூரை அதற்கும் வெளியே நீண்டு இறங்கியிருக்கும். உச்சி வெயிலை அந்தக் கூரை தடுத்தது. மாலையில் தாழ்ந்து வரும் வெயிலைக் கூரை தடுக்காது என்பதால், தூணுக்குத் தூண் மூங்கில் தட்டிகள் தொங்கின. தட்டியின் இடுக்கு வழியே கடல் ஒரு வெள்ளிக் கோடாகத் தெரியும், காற்றும் வரும். அந்த வீட்டைப் புகழ்வதால் அந்தக் காலத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். துரைக்குக் கடல் தெரிந்தது; தோட்டத்து எழுத்தரான கிராணியின் வீட்டுக்கு ரப்பர் பால்மரம் தெரிந்தது; தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு எதிர் லயத்தின் முதுகு தெரிந்தது. ஒரே குன்றுதான். இருந்தாலும் கெட்ட காலம் கட்டிய நல்ல கூரை நல்ல கூரைதான்.

பழந்தமிழில் சன்னலுக்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்று பெயரிட்டு வைத்திருந்த ஒன்றைத் திறக்க முடியாத கண்ணாடியாக அடைத்து, அதற்குக் கடல் காட்சி என்று பெயர் சூட்டி விற்கிறோம். தோட்டத்தை விட்டு வெளியேறி, பிள்ளைகள் தலையெடுத்து, வங்கிக் கடனில் அடுக்குமாடி வீடு வாங்க முனையும் நம்மவர்கள் பலரும் இந்தச் சொல்லுக்குத்தான் முன்பணம் கட்டுகிறார்கள்.

கண்ணாடியைக் கொண்டுதான் கடலைக் காட்ட முடியும் என்பது உண்மையில்லை என்பதற்கு உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களே சாட்சி. இலங்கையின் ஜெஃப்ரி பாவா வழக்கறிஞராகத் தொடங்கிக் கட்டடக் கலைக்கு வந்தவர். 1990-களின் இறுதியில் தம் முதிய வயதில் மிரிச கடற்கரைக் குன்றின்மேல் அவர் அமைத்த வீடு, மெல்லிய தூண்களின்மேல் தாங்கிய ஒரு பெரிய கூரைதான். கூடத்துக்குச் சுவர் என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. நிழலில் உட்கார்ந்து விரிகுடாவைப் பார்க்கலாம், அவ்வளவே. சிட்னி ஓப்பரா மாளிகையை வடிவமைத்த டென்மார்க் நாட்டு யோர்ன் உட்சோன், 1970-களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், கடலை ஒட்டிய செங்குத்துப் பாறைமேல் தமக்கென்று ஒரு வீடு கட்டி, மனைவியின் பெயரால் அதை ‘கான் லிஸ்’ என்று அழைத்தார். உள்ளூர் மணற்கல்லால் தடித்த சுவர் எழுப்பி, அதில் ஆழமான திறப்புகள் விட்டு, சட்டம் உள்ளேயிருந்து தெரியாதபடி கண்ணாடியைச் சுவரின் வெளிப்புறத்தில் பொருத்தினார். ஒவ்வொரு திறப்பும் கடலில் ஒரு துண்டை மட்டும் எடுத்துக் காட்டும். அத்தனை கவனமாகக் கட்டியவருக்கே பின்னாளில் கடலிலிருந்து தெறிக்கும் ஒளி கண்ணை உறுத்தியது. வீட்டைப் பார்க்க வரும் ஆர்வலர்களின் தொல்லையும் சேர்ந்துகொள்ள, அதே தீவில் கடலை விட்டு உள்ளே தள்ளி, 1994-இல் முடிந்த இன்னொரு வீட்டுக்குக் குடிபெயர்ந்தார். நமது விளம்பரத் தாள்களில் இந்தக் கதையை யாரும் அச்சிடுவதில்லை.

இவர்களெல்லாம் வசதி படைத்தவர்களுக்கும் தமக்கும் கட்டிக்கொண்டவர்கள். என் மனத்தில் இவர்களைவிட உயரத்தில் நிற்பவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் நிலைத்துவிட்ட அவர், 1970-களின் நடுவில் அந்நகரை ஒட்டிய பூந்துறையில் மீனவர்களுக்காக வீடுகள் வடிவமைத்தார். சின்னஞ்சிறு வீடுகள், கையிருப்பும் குறைவு. வேறொருவராக இருந்தால் அளவு நூலைப் பிடித்து, வரிசைக்கு வரிசை நேராக, நம் தோட்டத்து லயம் போலக் கட்டி முடித்திருப்பார். முதல் வரிசை கடலையும் காற்றையும் எடுத்துக்கொள்ள, பின்வரிசைகள் புழுங்கிக்கொண்டிருக்கும். பேக்கர் வீடுகளை ஒன்றுக்கொன்று விலக்கி, முன்னும் பின்னுமாகப் படியவைத்தார். அதனால் பின்னால் இருக்கும் வீட்டுக்கும் கடற்காற்று போனது, கடலும் தெரிந்தது. வீடுகளுக்கிடையே வலை காயப்போடவும் பிள்ளைகள் விளையாடவும் சிறு முற்றங்கள் கிடைத்தன. சுவர்களில் செங்கலையே இடைவிட்டு அடுக்கிய பின்னல் துளைகள். கண்ணாடிச் செலவே இல்லை. புயலை எண்ணிக் கூரையைத் தாழ்வாகச் சரித்திருந்தார். இதற்குக் கூடுதல் பணம் ஒன்றும் தேவைப்படவில்லை, வரைபடத்தின்முன் கூடுதலாகச் சற்று நேரம் உட்கார்ந்தால் போதும். லயத்தில் பிறந்தவன் என்பதால் இந்த ஒன்றில் என் மனம் சற்று அதிகமாகவே தங்கிவிடுகிறது; வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இல்லாமலில்லை. திரெங்கானுவில் கட்டப்பட்ட தஞ்சோங் ஜாரா கடற்கரை விடுதி, மலாய் அரண்மனைகளின் மரவேலையைப் பின்பற்றித் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டு, 1983-இல் ஆகா கான் கட்டடக் கலை விருதைப் பெற்றது. வடிவமைத்தவர்கள் ஹொனலூலுவைச் சேர்ந்த நிறுவனத்தார் என்பது ஒரு வேடிக்கை. வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த நம் கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டின் அருமை நமக்குத் தெரியவில்லை.

உப்புக்காற்றைப் பற்றி நீட்டி எழுதலாம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கம்பியின்மேல் கான்கிரீட் மூடல் மெலிதாக இருந்தால் உப்பு உள்ளே நுழைந்து, துரு பருத்து, தூணை உள்ளிருந்தே பிளக்கும். கடலோர மாடிகளின் அடிப்பக்கத்தில் காரை உதிர்ந்து கம்பி எட்டிப்பார்ப்பதை யாரும் போய்ப் பார்க்கலாம்.

தூரத்தைப் பற்றிய கேள்வி இதைவிடப் பெரிது. கடலோரக் கட்டுமானத்துக்கு நீர்ப்பாசன வடிகால் இலாகா ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. மணற்கரையானால் பௌர்ணமி, அமாவாசை ஓதம் ஏறும் கோட்டிலிருந்து 60 மீட்டர். சேற்றுக்கரையானால் பாக்காவ் எனும் அலையாத்திக் காட்டின் கடல்பக்க விளிம்பிலிருந்து 400 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில் நடந்த தேசியக் கடலரிப்பு ஆய்வு, நாட்டின் 4,809 கிலோமீட்டர் கரையில் ஏறக்குறைய 29 விழுக்காடு அரிக்கப்பட்டு வருவதாகக் கண்டறிந்தது. இந்த எண்களைத் தெரிந்துகொண்டே மணலின் நுனிவரை வீட்டை நகர்த்தும் வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன். நுனிக்குப் போன வீடு பிறகு தன்னைக் காத்துக்கொள்ளச் சுவர் எழுப்பும். சுவரில் மோதித் திரும்பும் அலை, சுவருக்கு முன்னால் உள்ள மணலை வாரிக்கொண்டு போகும், பக்கத்து மனையின் கரையையும் சேர்த்துக் கரைக்கும். அப்படி மணல் போன இடத்தில், நாங்கள் சிறுவர்களாகத் தைப்பூச விடுமுறையில் லாரியேறி வந்து சோற்றுப் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்ட கரை ஒன்றும் உண்டு. இப்போது அங்கே ஓதம் ஏறினால் கால் வைக்க இடமில்லை. தேசிய நிலச் சட்டப்படி ஓதக் கோட்டுக்கும் வற்றுக் கோட்டுக்கும் இடைப்பட்ட நிலம் மாநில அரசுக்கு உரியது. ஆனால் அங்கே போகும் ஒற்றையடிப் பாதைகள் வேலிக்குள்ளே போய்விட்டால், மணல் யாருடையது என்று சட்டம் சொல்லி என்ன பயன்?

வாடிக்கையாளர் கேட்டதைத்தான் வரைந்தோம் என்று கட்டடக் கலைஞர்கள் சொல்வதுண்டு. கதவின் நிறத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மேற்கு வெயில் எத்தனை மணிக்கு எந்த அறையில் எவ்வளவு தூரம் நுழையும், ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியற்காலையில் அடிக்கும் சுமத்திராக் காற்று மழையை எந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவரும், கரை எந்த வேகத்தில் பின்வாங்குகிறது என்பன வாடிக்கையாளருக்குத் தெரிய நியாயமில்லை. அவற்றைச் சொல்வதற்குத்தான் கட்டடக் கலைஞருக்குக் கட்டணம். நான் வேலை பார்த்த காலத்தில் ஒரே ஒரு கட்டடக் கலைஞர், வயதில் மிக இளையவர், உரிமையாளரை மனையிலேயே மாலை ஐந்து மணிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கால் மணி நேரத்தில் அந்தக் கனவான் எழுந்து, கண்ணாடிச் சுவரில் பாதியைக் குறைத்து, முன்னால் பத்தடித் தாழ்வாரம் போடச் சம்மதித்தார். அந்த வீட்டில் இன்றைக்கும் திரை கிடையாது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அடுத்த முறை இப்படி வீடுகளை வெளியிடும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் அது பார்க்கும் திசையையும், ஓதக் கோட்டிலிருந்து அதன் தூரத்தையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். இயன்றால் ஒரு படத்தையாவது பிற்பகல் மூன்று மணிக்கு, வீட்டுக்குள்ளிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கட்டுமான மேற்பார்வையாளர்,
லுக்குட், நெகிரி செம்பிலான்.