டூர் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு: கேசினோ கார்டு பற்றி ஒரு கணக்கு

மதுரை கீழமாசி வீதி மளிகை மொத்த வியாபாரத்தில் இருக்கும் நம் டூர் கமிட்டி அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

இந்த வருஷக் கோவா டூருக்கு நீங்கள் போட்ட வாட்ஸ்அப் அறிவிப்பைப் படித்தேன். தேதி, ரயில், சாப்பாடு எல்லாம் சரி. நாலாவது ஷரத்துதான் உறுத்துகிறது. வருகிற எல்லோரும் கப்பல் கேசினோவில் மெம்பர் கார்டு எடுக்க வேண்டும், பன்னிரண்டு பேர் ஆட்டத்தையும் ஒரே ஆள் கார்டில் ஏற்றினால் பாயின்ட் சேர்ந்து அடுத்த வருஷம் ரூம் ஃப்ரீ என்று எழுதியிருக்கிறீர்கள். இருபது வருஷமாக இந்த வீதியில் மூன்று கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். தனியாக வந்து சொன்னால் 'கணக்குப்பிள்ளை புத்தி' என்று சிரித்து அனுப்பிவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன்.

ஆடலாமா கூடாதா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. போன வருஷம் நானும் உங்களோடு மாண்டவி ஆற்றில் அந்தக் கப்பல் ஏறியவன்தான்.

நம் கடையிலேயே நடப்பதைச் சொல்கிறேன். தீபாவளிக்கு எண்ணெய் டின்னுக்கு ஸ்கீம் விடுகிறோம்: ஐம்பது டின் எடுத்தால் ஒரு வெள்ளிக்காசு. உசிலம்பட்டிக் கடைக்காரருக்கு முப்பத்தெட்டு டின் போதும். ஆனால் பன்னிரண்டு டின்னுக்காகக் காசை விடுவானேன் என்று ஐம்பதாகப் போடச் சொல்லிவிடுவார். பொங்கல் தாண்டியும் அந்தப் பன்னிரண்டு டின் அவர் கடை மூலையில் உட்கார்ந்திருக்கும். சிக்கு வாடை வந்தபின் நமக்கே போன் போட்டு 'ரிட்டன் எடுப்பீங்களா அண்ணாச்சி' என்பார். எடுக்கமாட்டோம். அந்த வெள்ளிக்காசு யார் பணம் என்று நமக்குத் தெரியும். இந்த ஸ்லாப் வித்தையை ஊருக்கே சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள், கோவாவில் போய் உசிலம்பட்டிக் கடைக்காரர் ஆகிவிடுகிறீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

கார்டில் பாயின்ட் எப்படி ஏறுகிறது? நீங்கள் தோற்றதைப் பார்த்தோ ஜெயித்ததைப் பார்த்தோ இல்லை. சராசரியாக எவ்வளவு கட்டினீர்கள், மணிக்கு எத்தனை சுற்று, எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள், அந்த ஆட்டத்தில் கேசினோக்காரன் பங்கு எத்தனை சதவீதம், இந்த நான்கையும் பெருக்குவார்கள். உங்களிடமிருந்து அவர்கள் எதிர்பார்க்கும் வரும்படி அது. அதில் ஒரு துண்டை வெட்டி ரூம், கூப்பன், பரிசு என்று திருப்பிக் கொடுப்பார்கள்.

எண் போட்ட சக்கரத்தைச் சுற்றிப் பந்தை உருட்டிவிடும் ரூலெட்டையே எடுங்கள். ஒற்றைப் பூஜ்யச் சக்கரத்தில் 37 கட்டம். ஒரு எண்ணில் கட்டி ஜெயித்தால் கட்டிய பணத்தோடு 35 மடங்கு, ஆக 36 மடங்குதான் கைக்கு வரும். வித்தியாசம் 2.7 சதவீதம். இரண்டு பூஜ்யம் இருந்தால் 5.26. சுற்றுக்கு 500 ரூபாய், மணிக்கு 40 சுற்று, நாலு மணி நேரம் என்றால் 80,000 ரூபாய் உருண்டிருக்கும். ஒற்றைப் பூஜ்யத்திலேயே சராசரியாக 2,160 ரூபாய் அவர்கள் பக்கம் போகும். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாக வைத்துக்கொண்டாலும் 430 ரூபாய். அதே கணக்கில் 5,000 ரூபாய் ரூம் ஒன்று 'ஃப்ரீ'யாகக் கிடைக்க ஒன்பது லட்சத்துக்கு மேல் உருட்ட வேண்டும்; அதில் சராசரியாக 25,000 ரூபாய் அவர்கள் பக்கம் போயிருக்கும். 25,000 ரூபாய் கொடுத்து 5,000 ரூபாய் ரூம் வாங்குவதை நான் பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதட்டும்?

வரியையும் சொல்லிவிடுகிறேன். 2023 அக்டோபரிலிருந்து கேசினோவில் சிப் (பணத்துக்குப் பதில் ஆட்டத்தில் வைக்கும் வில்லை) வாங்கும் தொகைக்கே 28 சதவீதம் ஜி.எஸ்.டி. இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. அதைக் கேசினோ தன் தோளில் தாங்குவதாகச் சொன்னாலும் எங்கிருந்து எடுக்கும் என்று வியாபாரிக்குச் சொல்லத் தேவையில்லை. ஜெயித்தால் 30 சதவீத வருமான வரி. முந்தின ராத்திரி தோற்றதை அதில் கழிக்கவும் முடியாது.

இந்தக் கார்டு முறைக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது அமெரிக்காவின் ஹாராஸ் கேசினோ கம்பெனி. ஹார்வர்டு பேராசிரியர் கேரி லவ்மேன் 1998-ல் அங்கே போய்ச் சேர்ந்து, கார்டில் விழுந்த கணக்கைத் தோண்டினார். வருமானத்தில் 82 சதவீதத்தைக் கொடுத்தவர்கள் வாடிக்கையாளர்களில் 26 சதவீதம் பேர்தான். அவர்களும் கோட்டு சூட்டு போட்ட கோடீஸ்வரர்கள் இல்லை. ரிட்டயர்டு வாத்தியார், பேங்க் ஆபீசர், டாக்டர் மாதிரி, நேரமும் கொஞ்சம் கைக்காசும் உள்ள நடுத்தர வயசுக்காரர்கள். நம் டூர் லிஸ்ட்டைப் பார்த்த மாதிரி இல்லை?

எனக்கு நடந்ததையும் மறைக்காமல் சொல்கிறேன். போன வருஷம் ராத்திரி ஒரு மணிக்கு எழுந்திருக்கப் போனவனிடம், கவுண்டரில் இருந்த பையன் 'இன்னும் கொஞ்சம் பாயின்ட் வந்தா டி-சர்ட் சார்' என்றான். திரும்பப் போய் உட்கார்ந்தேன். டி-சர்ட் கிடைத்தது, 3,400 ரூபாய் போனது. முதல் சலவையிலேயே கழுத்து தொங்கிவிட்டது. இப்போது வீட்டில் அதை வைத்துத்தான் ஸ்கூட்டர் துடைக்கிறோம்.

அப்படியென்றால் கார்டே வேண்டாமா? அதுவும் இல்லை. கார்டுக்குப் பொதுவாகக் காசு கேட்பதில்லை. எப்படியும் ஆடத்தான் போகிறார், இவ்வளவுதான் என்று பணத்தை எடுத்துவைத்திருக்கிறார், பாயின்டுக்காக ஒரு சுற்றுகூடக் கூட்டமாட்டார் என்றால் அவர் தாராளமாக எடுக்கட்டும். உட்காருவதற்கு முன்னாலேயே காட்டட்டும்; ஆடி முடித்தபின் நீட்டினால் பெரும்பாலும் ஏறாது. கடை நம்பரைக் கொடுக்காமல் இருந்தால் சரக்கு வரும் நேரத்தில் 'சார் இந்த வீக்கெண்ட் ஆஃபர்' என்று போன் வராது.

ஒரே கார்டில் எல்லோரும் ஆடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். கார்டு யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும் என்பதுதான் பொதுவாக அவர்கள் விதி. ஆடுவது பன்னிரண்டு பேர், பதிவு ஒரு பேரில். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அந்த ஒருவர்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த நாள் காலையில் அவருக்காக ஆடிட்டர் வீட்டு வாசலில் நிற்கப்போவது நான்.

ஆகவே நாலாவது ஷரத்தை எடுத்துவிட்டு, ரூம் வாடகையைத் தலைக்கு இவ்வளவு என்று முன்னாலேயே வசூல் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். டி-சர்ட்டையும் கொண்டுவருகிறேன், ஆயில் கறையோடு.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை