ஏழாவது கையெழுத்து

மன்னார்குடி,
ஐப்பசி மழைநாள், ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து 20 நாளாகிறது. 36 வருஷம் ஊருக்கெல்லாம் கடிதம் கொடுத்தவன், தனக்கு வந்ததற்குப் பதில் எழுத இத்தனை நாளா என்று தங்கச்சியிடம் சொல்லிச் சிரித்திருப்பாய். சிரி, சிரி. இங்கே நாலு நாளாக விடாத மழை. பாமணியாற்றில் தண்ணீர் முட்டிக்கொண்டு போகிறது. வடிகால் சரியில்லாத பக்கமெல்லாம் சம்பா இளம்பயிர் மூழ்கிக் கிடக்கிறது. வயலில் இறங்க முடியாத நாள் என்றால் எங்கள் எழுத்து வகுப்பில் கூட்டம். இன்றைக்கு உட்கார இடமில்லை. கடைசியில் நான்தான் வாசற்படியில் உட்கார்ந்தேன்.

"அந்த மனு எழுதுகிற கடை இன்னும் ஓடுகிறதா?" என்று கேட்டிருந்தாய். நீ கிண்டலுக்குச் சொன்னாலும் அது நிஜமாகவே கடைதான். தெருக்கோடியில் வாடகை சைக்கிள் கடை இருந்ததே, அரை மணிக்கு எடுத்து முக்கால் மணி ஓட்டிவிட்டுத் திட்டு வாங்குவோமே, அந்த இடம். பூட்டிக் கிடந்ததைக் கடைக்காரர் மகன் எங்களுக்கு விட்டிருக்கிறான். வாடகை வேண்டாம், கரண்ட் பில் மட்டும் கட்டுங்கள் என்றான். பழைய டயர் தொங்கிய ஆணியில் இப்போது கரும்பலகை தொங்குகிறது. ரப்பர் சொல்யூஷன் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

ஆரம்பித்தது கஜா புயலில். 2018 நவம்பர் 16, விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ திருப்பூரிலிருந்து இரண்டு நாள் போன் போட்டுப் போட்டு லைன் கிடைக்காமல் தவித்தாயே, அப்போது. நான் ஓய்வு பெற்று ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கூரை பறந்த வீடுகளில் ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நிவாரணத்துக்கு ஒரு மனு, தொலைந்த கார்டுக்கு ஒரு மனு, பட்டா நகலுக்கு ஒரு மனு. "தபால்காரரு வீட்ல பேனா இருக்கும்" என்று என் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது மனு எழுதியிருக்கிறேன். விரல் மரத்துப் போகும். ஆனால் உள்ளுக்குள் ஒரு குஷி. பொய் சொல்வானேன், பெருமையும்தான்.

அந்தப் பெருமை புதுசு இல்லை. சர்வீஸில் இருந்தபோதே உண்டு. மணியார்டர் கொண்டுபோனால் பணத்தை எண்ணிக் கொடுத்து, மை டப்பாவைத் திறந்து, கட்டை விரலை உருட்டி, பாரத்தின் அடித்துண்டில் மகன் எழுதியிருக்கும் நாலு வரியையும் படித்துக் காட்டிவிட்டு வருவேன். சிங்கப்பூர் கடிதம் என்றால் உட்காரவைத்து மோர் கொடுப்பார்கள். எந்த வீட்டில் எவ்வளவு கடன், எந்தப் பெண்ணுக்கு எங்கே வரன், எல்லாம் எனக்குத்தான் முதலில் தெரியும். ஒரு தடவை ஒரு மருமகளுக்கு வந்த கடிதத்தைப் படிக்கும்போது மாமியார் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். புருஷன் எழுதியிருந்ததில் ஒரு வரியை விட்டுவிட்டுப் படித்தேன். சண்டை வராமல் காப்பாற்றியதாகத்தான் நினைத்தேன். திரும்பத் தனியாகப் பார்த்துச் சொல்லவும் இல்லை. அந்தப் பெண் கடிதத்தை வாங்கி, மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டது கண்ணிலேயே நிற்கிறது. அந்த வரி அவர் கையிலேயேதான் இருந்தது. அவருக்குப் போய்ச் சேரவில்லை. ஊரான் வீட்டில் எந்த வரி போய்ச் சேரலாம், எது கூடாது என்று முடிவு பண்ண நான் யார், சொல்லு?

அதனால்தான் எங்கள் அறையில் இப்போது ஒரு சட்டம்: யாருடைய பாரத்தையும் நாங்கள் நிரப்புவதில்லை. பக்கத்தில் உட்காருவோம், எந்தக் கட்டத்தில் என்ன என்று சொல்வோம், தேவைப்பட்டால் தனித்தாளில் எழுதிக் காட்டுவோம். பாரத்தில் பேனா வைப்பது அவரவர் கை. ஐந்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. திட்டு வாங்காத நாள் கிடையாது. "நாலு எழுத்து எழுதினா ஒம் பேனா தேஞ்சா போயிரும்?" என்று ஒரு கிழவி தெருவே கேட்கக் கத்திவிட்டுப் போய், கடைவீதியில் காசு கொடுத்து எழுதிக்கொண்டார்.

சட்டத்தை முதலில் மீறியவனும் நான்தான். வீட்டிலேயே இறந்துபோனவருக்கு இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் தாமதக் கட்டணம், அனுமதி என்று அலைச்சல். அந்த அம்மா வந்தது 19ஆம் நாள். அழுத முகத்தோடு நிற்பவரிடம் எப்படி பேனாவை நீட்டுவது? நானே விறுவிறுவென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வகுப்பெடுக்கும் பெண் ஒன்று இருக்கிறது, பி.எட். முடித்தது, என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடும். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "மத்ததெல்லாம் நீங்க எழுதுங்க, வேணாங்கல. அவங்க வீட்டுக்காரர் பேரை மட்டுமாவது அவங்க எழுதியிருக்கலாமே" என்றது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவசரத்துக்குப் பாவமில்லை என்று இப்போதும் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் அந்த அம்மாவுக்குப் புருஷன் பெயரை எழுதத் தெரியும். எங்கள் வகுப்பிலேயே கற்றுக்கொண்டதுதான்.

சரி, வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன். இருபது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பாதிப் பேர் வருவார்கள். நடவு நேரத்தில் அதுவும் இல்லை, காலையிலிருந்து குனிந்த முதுகு ராத்திரி நோட்டுப் புத்தகத்துக்கும் குனியுமா? அவர்களில் நடவுக்கார அம்மா ஒருவர். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். பென்சிலை நாற்றுப் பிடிக்கிற மாதிரியேதான் பிடிப்பார், கட்டை விரலும் இரண்டு விரலும் சேர்த்து. சேற்றில் ஊன்றுகிற அழுத்தம் வேறு. முதல் வாரத்தில் மூன்று நோட்டுத் தாள் கிழிந்து பென்சில் முனை கீழே இருந்த பலகையில் குத்தியது. எடுத்த எடுப்பில் 'அ' எழுத வைத்தால் ஓடிவிடுவார்கள் என்று ட, ப, ம என்று சுலபமான எழுத்தாக ஆரம்பித்தோம். ஒரு வரி எழுதி முடித்தவுடன் தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வரிசை கோணுதுல்ல?" என்பார். வரப்பில் நின்று வயலைப் பார்க்கிற பார்வை. கோணினால் அந்த வரியை விடவே மாட்டார், அழித்துவிட்டுத் திரும்ப நடுவார். அடடா, 'எழுதுவார்' என்று எழுத வந்தேன். அப்படியே இருக்கட்டும்.

அவருக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டோம். பஸ் போர்டு, கோயில் கல்வெட்டு என்று நாங்கள் எதிர்பார்த்தோம். மடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்துப் போட்டார். குழுக் கடன் அட்டை. செவ்வாய்க்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு வசூலுக்கு வருகிற பையன் தேதியும் தொகையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிற அட்டை. எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, தெருவுக்கு நாலு இருக்கிறது. தேதி, தவணை, நிலுவை என்ற மூன்று சொல்லும் எண்களும்தான் இரண்டு மாசப் பாடம். மூன்றாவது மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருக்கும்போதே, "தம்பி, போன வாரத்துக் கட்டம் சும்மா கெடக்கே" என்று கேட்டிருக்கிறார். பையன் மறந்துபோனதாகச் சொல்லி உடனே எழுதிக் கொடுத்திருக்கிறான். மறதியாகவே இருக்கலாம். அதற்கடுத்த வாரம் அந்தக் குழுவிலிருந்து இன்னும் மூன்று பேர் வகுப்புக்கு வந்தார்கள், கையில் அட்டையோடு.

நம்மூர்ப் பெருமை ஒன்றை இங்கே சொல்லாமல் விடமாட்டேன். 1931இல் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார் இல்லையா? அதே வருஷம்தான் நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகளை எழுதி வெளியிட்டார். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம்' என்பது அதில் ஒன்று. நடவுக்கார அம்மாவுக்கான புத்தகம் எட்டுப் பக்க மஞ்சள் கடன் அட்டை என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் விதி சரியாகத்தான் இருக்கிறது. எங்களுக்கு நன்கொடையாக வருகிற புத்தகத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். பாதி என்ஜினீயரிங் நுழைவுத் தேர்வு கைடு. மாநிலத்தில் அந்தத் தேர்வையே எடுத்து எவ்வளவு காலமாகிறது!

அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் நாம் இரண்டு பேரும் டபுள்ஸ் போய், பெட்ரோமாக்ஸ் வைத்துச் சொல்லிக்கொடுத்தோமே, அந்தத் தெருவிலிருந்தும் இப்போது வருகிறார்கள். அதில் ஒருவர் என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார். "நீங்களும் ஒசரமா ஒருத்தரும் வருவீங்க. கையெழுத்து மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டீங்க" என்றார். ஒசரமானவர் நீ. நாம் அது மட்டுமா சொல்லிக்கொடுத்தோம்? ஆனால் அவருக்கு மிஞ்சியது அதுதான். மற்ற எழுத்தெல்லாம் படிக்க ஒன்றும் இல்லாமல் மறந்துவிட்டது. கையெழுத்து மறக்காததற்குக் காரணம், அதைத்தான் எல்லா இடத்திலும் கேட்டார்கள். படிக்கத் தெரியாத எத்தனை தாளில் போட்டிருப்பார் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. 2011 கணக்கெடுப்பில் நம் மாநிலத்துப் பெண்களில் 73.44 சதவீதம் எழுத்தறிவு பெற்றவர்கள். புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால்தான் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். இவரைக் கேட்டிருந்தால், "கையெழுத்துப் போடுவா, படிச்சவதான்" என்று வீட்டுக்காரரே எழுதவைத்திருப்பார் என்பது என் சந்தேகம்.

பிள்ளைகள் பக்கம் எங்கள் வேலை குறைவு. காலையில் ஆறு மணிக்கே அம்மா வேலைக்குப் போய்விடுகிற வீடுகளில், பிள்ளையைப் பள்ளிக்கு இழுத்ததில் எங்கள் பிரசங்கத்தைவிடப் பள்ளிக்கூடத்து உப்புமாவுக்குப் பங்கு அதிகம். 2023இல் திருக்குவளையில் ஆரம்பித்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் கொண்டுவந்தார்களே, அந்தக் காலை உணவு. நாங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் வருஷத்துக்கு 12,000 ரூபாய். ஒரு அம்மாவிடம் மகளை அந்தத் தேர்வுக்கு அனுப்பச் சொன்னால் முகம் சுருங்கிவிட்டது. நூறு நாள் வேலையில் போட்டோ பிடித்து வருகைப் பதிவு செய்கிற செயலிக்கும் என்.எம்.எம்.எஸ். என்றுதான் பெயராம். "எம் பொண்ணையும் ரெண்டு வேளை வெயில்ல நிக்கவச்சுப் படம் புடிப்பாங்களா?" என்கிறார். பெயர் வைத்தவர்களை அவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

சண்டையும் உண்டு. தீபாவளிக்கு அரிசி மூட்டை கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். கொடுக்கலாம், ஆனால் வாங்குகிறவரை நிற்கவைத்துப் படம் எடுக்கக் கூடாது என்றேன். படமில்லாமல் நன்கொடையாளர் தரமாட்டார் என்றார். கடைசியில் மூட்டை வரவே இல்லை. அந்த வருத்தம் எனக்கும் இருக்கிறது. இரண்டு வீட்டில் அந்த அரிசி உண்மையாகவே தேவைப்பட்டது. அப்புறம் எங்களுக்குள் காசு போட்டு மூன்று பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினோம், அவ்வளவுதான் முடிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சங்கமாகப் பதிவு செய்யச் சொல்கிறார்கள். அப்போதுதான் சங்கத்தின் பெயரில் பேங்க் கணக்கு, ரசீது எல்லாம். 1975ஆம் வருஷச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பெயர் வைப்பதில் இன்னும் சண்டை முடியவில்லை, ஆனால் ஆள் 6 பேர் தேறிவிட்டோம். நடவுக்கார அம்மாவும் ஒருவர். சங்கத்தின் விதிகளைச் சொல்கிற துணைவிதி முழுவதையும் நாலு ராத்திரி உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லி, அப்படியே போட்டார். 'கலைத்தல்' என்ற சொல் வந்த இடத்தில், "ஆரம்பிக்கும் முன்னயே எதுக்கு இது?" என்று கேட்டார். எங்களில் யாருமே அதுவரை அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை.

ஏழாவது ஆள் நீ.

பாரமும் துணைவிதியும் இதோடு வைத்திருக்கிறேன். பதிவுத் தபாலில் அனுப்ப ஆசை, அதைத்தான் 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்களே. உன் பெயர், அப்பா பெயர், தொழில், முகவரி எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒன்றையும் எழுதவில்லை. ஒன்பது பக்கம் இருக்கிறது, முழுக்கப் படி. கண்ணாடி எங்கே என்று தங்கச்சியைக் கத்தாமல் தேடி எடுத்துக்கொள். படித்துவிட்டு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் செம்மொழி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறு, காலையில் இங்கே இறங்கிவிடலாம். நேரில் கேட்டுவிட்டு இங்கேயே கையெழுத்துப் போடு. பேனா என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உன் மாப்ளை