பாடநூலைத் திருத்தவும் உரிமை தாருங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறைப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

வியாசர்பாடியில் மாலை வகுப்பு நடத்துகிறோம். நீங்கள் இணையத்தில் இலவசமாகத் தரும் பாடநூல்கள் இல்லாவிட்டால் எங்கள் வகுப்பே இல்லை. அதற்கு மனமார்ந்த நன்றி.

ஏழாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் எங்களிடம் உண்டு. அவர்களுக்காகக் கோடை விடுமுறையில் ‘விசையும் இயக்கமும்’ பாடத்தைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக மாற்றி எழுதினோம். திசைவேகத்தை விளக்க, பேசின் பிரிட்ஜில் ஊர்ந்து போகும் ரயிலைக் கொண்டுவந்தோம். தினமும் பார்க்கிற ரயில் அல்லவா, பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். புளியந்தோப்பில் பாடம் சொல்லித்தரும் நண்பர், “எல்லோருக்கும் பயன்படுமே, இணையத்தில் போடுங்கள்” என்றார். போடவில்லை.

வகுப்பில் பயன்படுத்தச் சட்டம் இடம் தருகிறது. திருத்தியதை ஊருக்கெல்லாம் கொடுக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அரசு நூலின் உரிமை, அது வெளியான ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 2018இல் வந்த பாடநூலுக்கு 2078 முடிய. இன்று எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு அப்போது பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்!

உங்கள் பதினோராம் வகுப்புக் கணினி நூல் உபுண்டுவையும் ஓபன் ஆபீசையும் கற்றுத்தருகிறது. அந்த மென்பொருள்களை யாரும் பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்குத் தரலாம். உரிமத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. அதே உரிமையைப் பாடநூலுக்கும் கேட்கிறேன். இது புதுமையும் அல்ல. மத்திய அரசு 2013இல் தொடங்கிய திறந்த கல்வி வளக் களஞ்சியம், படைப்பைப் பகிரவும் மாற்றவும் முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில்தான் பாடப்பொருள்களைத் தந்தது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1949இல், பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது சென்னையில் இருந்த அரசு. பாரதியை இன்று யாரிடமும் கேட்காமல் அச்சிடுகிறோம்.

நூலின் உரிமைப் பக்கத்தில் இரண்டு வரி போதும்: மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் திருத்தலாம், பகிரலாம், திருத்தியதையும் இதே உரிமத்தில் தர வேண்டும். பிறரிடம் வாங்கிச் சேர்த்த கதைகளுக்கும் படங்களுக்கும் விலக்கு இருக்கட்டும். பிடிஎஃப் கோப்போடு, திருத்தக்கூடிய யூனிகோடு கோப்பையும் கொடுங்கள். அந்த ஒரு பாடத்தை மறுபடி தட்டச்சு செய்யவே எங்களுக்கு நான்கு மாலைகள் போயின.

எங்கள் பாடம் தயாராக இருக்கிறது. நீங்கள் அனுமதித்த அன்றே புளியந்தோப்புக்கு அனுப்பிவிடுவோம்.

அன்புடன்,
வியாசர்பாடி மாலை வகுப்பு ஆசிரியர் ஒருவர்