காக்கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது

அன்புள்ள மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம்தான் காரணம் என்கிறாள், இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "உங்கள் குர்ஆனில் இருப்பது எங்கள் ரப்பிமார் முன்பே சொன்னதுதானே" என்று கூடப் படிக்கும் யூதப் பையன் கேட்டானாம், உனக்கு வாயடைத்துவிட்டதாம். நீ அனுப்பிய மிஷ்னா பக்கத்தை, அதாவது ரப்பிமார் என்னும் யூத அறிஞர்களின் பழைய சட்டத் தொகுப்பை, மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன்.

குர்ஆனின் மாயிதா அத்தியாயத்தில் காபில் தன் தம்பி ஆபிலைக் கொல்கிறான். அடுத்து 32ஆம் வசனம்: ஓர் உயிரை அநியாயமாகக் கொன்றவன் மனிதர் எல்லோரையும் கொன்றவன் போல, ஓர் உயிரை வாழவைத்தவன் எல்லோரையும் வாழவைத்தவன் போல. செத்தது ஒரே ஆள், கணக்கில் எப்படி உலகமே வந்தது? சின்ன வயதிலிருந்தே எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு. விடை மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதியில் இருக்கிறது, கி.பி. 200 வாக்கில் தொகுத்தது. மரண தண்டனை வழக்கில் சாட்சி சொல்ல வருபவனை நீதிபதிகள் எச்சரிக்கிறார்கள்: பண வழக்கில் பொய் சொன்னால் காசு கட்டித் தப்பலாம், இதில் செத்தவன் இரத்தமும் அவனுக்குப் பிறக்கவிருந்தவர்களின் இரத்தமும் உன் தலையில். ஆதாரம் ஓர் இலக்கணம்! தவ்ராத்தில், அதாவது மூசா நபியின் வேதத்தில், இறைவன் காயீனிடம் (நம் காபில்தான்) பேசும்போது 'இரத்தம்' பன்மையில் வருகிறதாம். தமிழ் பைபிளில் 'இரத்தத்தின் சத்தம்' என்று ஒருமைதான். எந்த மாணவனாவது 'இரத்தங்கள்' என்று எழுதியிருந்தால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். ஒரு 'கள்' விகுதிக்குள் அவ்வளவு பேர் நிற்கிறார்கள், பார்.

அதை வைத்துத்தான் மிஷ்னாவும், ஓர் உயிரை அழித்தவன் உலகையே அழித்தவன் போல என்று தீர்ப்புச் சொல்கிறது. குர்ஆனில் அந்த இலக்கணம் இல்லை, தீர்ப்பு மட்டும் இருக்கிறது. ஆனால் "இஸ்ராயீலின் மக்களுக்கு இப்படி விதித்தோம்" என்று சொல்லித்தான் வசனம் தொடங்குகிறது. யாருக்குச் சொன்னது என்று பெயரோடு சொன்ன பிறகு அதில் ஒளித்தது என்ன? அப்புறம், அச்சான பல மிஷ்னாக்களில் 'இஸ்ரவேலில் ஓர் உயிர்' என்றிருக்கிறது. புடாபெஸ்டில் இருக்கும் கௌஃப்மன் என்ற பழைய மிஷ்னா கைப்பிரதியில் 'இஸ்ரவேலில்' என்ற சொல் இல்லை, யாருடைய உயிரானாலும் சரி என்றாகிறது. இதை அந்தப் பையனை மடக்கும் ஆயுதமாக எடுத்துக்கொண்டு போகாதே. இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஆயுதம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த இரண்டு பக்கங்களையும் சேர்த்துப் படித்தவர் ஆபிரகாம் கைகர் என்ற இளம் ரப்பி. முகம்மது நபி யூத மதத்திலிருந்து என்ன எடுத்தார் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. பான் பல்கலைக்கழகப் பரிசு பெற்ற அந்தக் கட்டுரை 1833இல் ஜெர்மனில் வந்தது. ஆங்கிலத்தில் எங்கே அச்சானது தெரியுமா? 1898இல், நம் சென்னை வேப்பேரியில். முஸ்லிம்களோடு பேசும்போது உதவும் என்று டில்லியில் இருந்த கிறிஸ்தவ மிஷன் தலைவர் கேட்டதால் மொழிபெயர்த்தார்களாம். ரப்பி எழுத, பாதிரியார் கேட்க, வேப்பேரியில் அச்சடிக்க! சிரிப்புத்தான் வருகிறது. கைகர் பெரிய படிப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் அவர் கேள்வி ஒருவழிப் பாதை.

காக்கைக் கதையை எடுத்துக்கொள். குர்ஆனில் அல்லாஹ் ஒரு காக்கையை அனுப்புகிறான். அது மண்ணைக் கிளறுவதைப் பார்த்து, இந்தக் காக்கையின் புத்திகூட எனக்கு இல்லையே என்று காபில் அழுகிறான். ரப்பி எலியேசர் பெயரில் உள்ள மித்ராஷிலும், அதாவது வேதக் கதைகளை விரித்துச் சொல்லும் யூத நூலிலும், காக்கை வருகிறது, கற்றுக்கொள்வது மட்டும் ஆதமும் ஹவ்வாவும். அந்த நூலிலேயே இஸ்மாயீலின் மனைவியருக்கு ஆயிஷா, ஃபாத்திமா என்று நபியின் மனைவி, மகள் பெயர்கள்! இஸ்லாம் வந்த பிறகு எழுதியது என்பதற்கு வேறென்ன வேண்டும்? அப்படியானால் காக்கை எந்தத் திசையில் பறந்தது? ரப்பிதான் நம்மிடம் கேட்டிருப்பாரோ, இரு பக்கமும் வேறொரு பழங்கதையைக் கேட்டதோ. அடித்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஏழு வயதில் ராமேஸ்வரம் ஆபில் காபில் தர்காவில் அந்த நீளமான இரண்டு கபுறுகளுக்கு நடுவில் நின்று, "காக்கைக்கு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று என் உம்மாவிடம் கேட்டேன். "அல்லாஹ் அனுப்பினது, சும்மா வா" என்று தலையில் ஒரு குட்டு. மித்ராஷில் அந்தக் காக்கையை யாரும் அனுப்பவில்லை. அதன் கூட்டாளி ஒன்று செத்துப்போயிருந்தது, ஆதமுக்கு நானே கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லி அது புதைத்துக் காட்டியது. இதை நேற்றுத்தான் கவனித்தேன். அவள் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், இன்னொரு குட்டு விழுந்தாலும் சரி.

அந்த ஹீப்ரு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு, வாய்விட்டுப் படித்துப் பார்க்க வேண்டும். குளிரில் காது மூடிப் போ.

துஆவுடன்,
வாப்பா