அம்மாவின் வெளிறிய சீலைகள்

வெள்ளவத்தை,
ஞாயிறு பின்னேரம்

அன்பின் சாந்தி,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்து இரண்டு கிழமை ஆகிவிட்டது. உடனே பதில் போட நினைத்தேன், ஆனால் மேசை முழுக்க வெட்டின துணி பரவிக் கிடந்தது, அதை ஒதுக்கினால் அடுக்கி வைத்த ஒழுங்கு குழம்பிவிடும் என்று தள்ளிப்போட்டேன். உன் மகளுக்குப் பிள்ளை பிறந்தது கேட்டு நல்ல சந்தோசம். தாயும் பிள்ளையும் சுகம் என்று எழுதியிருந்த இடத்தை இரண்டு தரம் வாசித்தேன். இங்கும் எல்லோரும் சுகம், எனக்கு முழங்கால் மட்டும் மழைக்குக் குத்துகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அம்மாவின் பழைய சீலைகளை வெட்டி நான் தைக்கிற ஒட்டுப் போர்வையின் படத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பாடுபட்டுத் தைத்தும் எல்லாம் ஒரே நிறமாகக் கிடக்கிறதே, நடுவில் ஒரு சிவப்போ கடும் நீலமோ வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று எழுதியிருந்தாய். நீ தைக்கிற போர்வைகளில் நட்சத்திரம் அறையின் மற்றப் பக்கத்திலிருந்தே தெரியும், எனக்கு அது உண்மையாகவே பிடிக்கும். கொள்ளுப்பிட்டியில் பெயார்ஃபுட் கடையில் ஒரு நிறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நிறம் மோதிக்கொண்டு நிற்பதை நாங்கள் இருவரும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்! ஆனால் இந்தப் போர்வைக்கு அது வேண்டாம்.

அம்மா போனபிறகு பட்டுச் சீலைகளைத் தங்கச்சிமார் பகிர்ந்துகொண்டார்கள். அவ வீட்டில் உடுத்தின வொயில் சீலைகள் பதினொன்றும் அப்பாவின் நாலு வேட்டியும் அலுமாரியில் மிஞ்சின, யாரும் கேட்கவில்லை. மோர் நிறம், சந்தன நிறம், வெளிறின ஊதா, ஒரு காலத்தில் பச்சையாக இருந்து இப்போது வெள்ளரிப் பிஞ்சின் உள்பக்கம் மாதிரி ஆன ஒன்று. முப்பது வருடம் துவைத்த துணியின் மெதுமையைப் புதுத் துணியில் எந்த விலைக்கும் வாங்க ஏலாது. நீ சொல்வதற்கு முன்பே நானும் கெய்சர் வீதியில் ஒரு கெஜம் சிவப்புப் பொப்லின் வாங்கி வந்து நடுவில் வைத்துப் பார்த்தேன். கண் நேரே அந்தச் சிவப்பில் போய் நின்றது, அம்மாவின் சீலையெல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டது. மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்டேன். ஒரே சீலையை விரித்துப் பார்த்தால் அதற்குள்ளேயே மூன்று நிறம் இருக்கிறது. உள்ளே செருகின பக்கம் இன்னும் கடுமை, கொய்யகத்தில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, வெயில் பட்ட தலைப்பு நன்றாக வெளிறிவிட்டது. அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரில் கறுப்பினப் பெண்கள் தைத்த போர்வைகள், 2002இல் ஹூஸ்டனிலும் பிறகு நியூயோர்க்கிலும் கண்காட்சிக்கு வைத்தவை, அவற்றின் படங்களைப் பார்த்திருப்பாய். வேலைக்குப் போட்டுத் தேய்ந்த ஜீன்ஸைப் பிரித்துத் தைக்கும்போது, பொக்கெற் இருந்த இடம் மட்டும் வெளிறாமல் கடும் நீலமாக நிற்கும், அதை அவர்கள் மறைக்காமல் அப்படியே வைத்துத் தைத்தார்கள். அம்மாவின் கொய்யகத்தை விரித்தபோது எனக்கு அந்த நீலச் சதுரங்கள்தான் ஞாபகம் வந்தன.

ஆனால் மெல்லிய நிறம் என்றால் சும்மா எடுத்துத் தைத்துவிடலாம் என்று நினைக்காதே, கடும் நிறத்தைவிட இதற்குத்தான் கண் கூடுதலாக வேண்டும். முதல் தடவை இரவில் ரியூப் லைற் வெளிச்சத்தில் எல்லாத் துண்டையும் பொருத்தி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் சந்தன நிறமெல்லாம் அழுக்குப் பிடித்த மாதிரித் தெரிகிறது. அப்பாவின் வேட்டிக்கு அம்மா காலமெல்லாம் நீலம் போட்டவ, அந்த நீல வெள்ளைக்குப் பக்கத்தில் மஞ்சள் சாய்ந்த வெள்ளையை வைத்தால் அது கறை மாதிரித்தான் தெரியும். முழுவதையும் கலைத்து, நீலம் சாய்ந்தவை ஒரு பக்கம், மஞ்சள் சாய்ந்தவை மறுபக்கம், இடையில் இரண்டோடும் ஒத்துப்போகிற மோர் நிறம் என்று திரும்ப அடுக்கினேன். பிறகு போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தேன். நிறம் வேறாக இருந்தாலும் படத்தில் எல்லாம் ஒரே சாம்பலாக வந்தால் கோலம் கரைந்துபோகும். மெல்லிசாகவென்றாலும் மூன்று படி வித்தியாசம் வேண்டும். கிட்டே நின்று பார்க்காமல் வாசற்படியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலும் அது பிடிபடும்.

வொயில் வழுக்கும், வெட்டினால் நூல் பிரியும். அதனால் சோற்றுக்கஞ்சி வடித்துப் போட்டுக் காயவைத்து மினுக்கிவிட்டுத்தான் வெட்டினேன், காகிதம் மாதிரி நின்றது. முடிந்ததும் கட்டாயம் கழுவிவிட வேண்டும், கஞ்சி இருந்தால் பூச்சி வந்துவிடும். மூன்றரை அங்குலச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்கு விட்டால் மூன்று அங்குலம் மிஞ்சும், 45க்கு 60 அங்குலப் போர்வைக்கு அப்படி 300 துண்டு. எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால் வரிசைக்கு வரிசை இலக்கம் எழுதின ஒட்டுத்தாள் குத்தாமல் எழும்பவே கூடாது என்று பழகிக்கொண்டேன்.

குத்துவது என்றதும் அடுத்த கதை. கடற்கரைக்கு இவ்வளவு கிட்டே இருக்கிற வீட்டில் குண்டூசியைத் துணியில் விட்டுவிட்டு ஒரு கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். வந்து பார்த்தால் உப்புக் காற்றில் ஊசியெல்லாம் துருப்பிடித்து வெள்ளைத் துண்டுகளில் புள்ளி புள்ளியாகக் கறை. தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து வெயிலில் வைக்க வெள்ளையில் பெரும்பாலும் போய்விட்டது. ஆனால் வெள்ளையின் பளிச்சைக் கொஞ்சம் இறக்குவதற்காகத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து வைத்த ஆறு துண்டில் அந்தத் துரு கரும் சாம்பலாக மாறி நின்றது. தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான், பழைய காலத்து மையே இரும்பையும் துவர்ப்பையும் சேர்த்துச் செய்ததுதானே. அந்த ஆறையும் எறிய மனம் வரவில்லை, கறை இல்லாத பாகத்தைச் சின்னதாக வெட்டி ஓரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

வெளிர் துணிக்கு உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். தையலுக்கு உள்ளே ஒரு கறுப்பு நூல் தப்பிப் போயிருந்தாலும் மேலே மயிர் மாதிரிக் காட்டும். நடுவில் வைக்கிற பஞ்சுப் படை இயற்கை நிறமாக இருந்தால் அதிலிருக்கிற விதைத் துகள்கூட நிழலடிக்கும். கொழும்புச் சூட்டுக்கு எனக்குத் தடித்த பஞ்சு தேவையே இல்லை, ஆனால் இது மெல்பேர்னில் இருக்கிற என் மகளுக்கு, அங்கே குளிர்.

இனி, படைகளைச் சேர்த்துப் பிடிக்க மேலே ஓடுகிற தையல். வங்காளத்தில் பழைய சீலைகளை அடுக்கிக் காந்தா என்கிற போர்வை தைக்கிறவர்கள் சீலைக் கரையிலிருந்தே நூலை உருவித் தைப்பார்கள். நானும் ஊதாச் சீலையின் கரையில் உருவிப் பார்த்தேன், வொயில் நூல் அறுந்து அறுந்து போனது, அதனால் துணியைவிட ஒரு படி கடுமையான சாம்பல் நூல் வாங்கினேன். தனி வெள்ளை நூல் போட்டால் தையல் இருக்கிறதே தெரியாது. இந்த நூலில் ஐந்து மணி வெயில் சரிந்து விழும்போது ஓட்டமெல்லாம் சின்னச் சின்ன மேடாக எழும்பி, சதுரங்களுக்கு மேலே அலை மாதிரி ஓடுகிறது. படத்தில் அது விழவில்லை சாந்தி, அதனால்தான் உனக்கு ஒரே நிறமாகத் தெரிந்திருக்கிறது. வந்தால் அந்த நேரத்தில் ஜன்னலடியில் விரித்துக் காட்டுவேன்.

இன்னும் பாதி பாக்கி. மார்கழியில் உங்கள் பக்கமிருந்து யாராவது வந்தால், வெளுத்த வெள்ளைப் பருத்திப் படை ஒன்று கொடுத்து அனுப்ப முடியுமா? மிச்சப் பாதியை மூடுகிற அளவு போதும், பாரம் இராது. பேரப்பிள்ளையின் படமும் அனுப்பு, உன் அம்மாவின் பழைய சீலைகள் உன்னிடம் இருக்கிறதா என்றும் எழுது.

அன்புடன்,
மாலா