பால்வாடிக்கு இன்னொரு டீச்சர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பல வருஷமாக ஒன்றாம் வகுப்புதான், நானே கேட்டு வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறந்ததும் அரசுப் பள்ளியில் சேர்க்கை எவ்வளவு, பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறதா என்றெல்லாம் செய்தி வரும், விவாதம் நடக்கும். ஆசிரியர்கள் சரியில்லை என்று ஒரு கூட்டமும், பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று இன்னொரு கூட்டமும் சொல்லும், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அந்தப் பிள்ளை எங்கள் வகுப்புக்கு வருவதற்கு முந்தைய ஐந்து வருஷம் எப்படிப் போனது என்று யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதல் வாரத்தில் நான் பாடம் எதுவும் நடத்துவதில்லை. ஒரு படத்தைக் காட்டி, "இதுல என்ன நடக்குது, சொல்லு கண்ணு" என்று கேட்பேன். ஒரு பிள்ளை, "பாட்டி கடைக்குப் போறாங்க மிஸ், மழை வருது, அதான் குடை வச்சிருக்காங்க" என்று சொல்லும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளை "குடை" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். அப்புறம் என்ன, அவங்க ஏன் குடை பிடிச்சிருக்காங்க என்று கேட்டால் என் முகத்தையே பார்க்கும். கிரேயானைக் கொடுத்தால் முஷ்டியில் பிடிக்கும். ஆனால் அதே பிள்ளை பெட்டிக்கடையில் பத்து ரூபாய் கொடுத்து ஐந்து ரூபாய்ப் பாக்கெட் வாங்கி மீதியைச் சரியாக எண்ணி வாங்கும், இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு சமாளிக்கும், சனிக்கிழமை சம்பளம் வரும் என்பதும் அதில் வாடகைக்கு எடுத்துவைக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். புத்தியில் ஒரு குறையும் இல்லை. ஐந்து வயது வரை அதோடு உட்கார்ந்து பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஏன் ஆள் இல்லை? அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங்கிலோ கைமடியிலோ இருப்பார். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒரு ஷிப்ட் என்றால் சாயங்காலம் திரும்பலாம், ஆனால் ஒரு ஷிப்ட் சம்பளத்தில் குடும்பம் ஓடாது. ஷிப்மெண்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பது ஆகும். அப்பாவும் அதே மாதிரிதான். ஊரில் இருந்தால் பாட்டி கதை சொல்லியிருப்பார், அத்தை சோறு ஊட்டியிருப்பார். இவர்கள் பிழைப்புக்காகத் தேனியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ வந்து லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருப்பவர்கள், பாட்டி ஊரிலேயே இருக்கிறார். ஆர்டர் குறைந்த மாதத்தில் வேலையே வாரத்துக்கு மூன்று நாள்தான், அப்போதும் குழுக் கடனுக்கான தவணை நிற்காது. இப்படி வருமானம் ஏறி இறங்கும்போது முதலில் கைவைப்பது பாலிலும் முட்டையிலும் பழத்திலும்தான். பணக் கவலையில் இருக்கும் அம்மா, பிள்ளை ஏதாவது கேட்டால் "சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனைக் கையில் கொடுத்துவிடுகிறார். அக்கறை இல்லாமல் இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. ஷிப்ட் முடிந்த கையோடு பள்ளிக்கு ஓடி வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடி "எப்படிப் படிக்கிறான் டீச்சர்?" என்று என்னிடம் கேட்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும், அவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

மூளை வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஐந்தாறு வருஷத்திலேயே நடந்துவிடுகிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்த வயதில் நம் பிள்ளைகளின் உடம்பு என்ன நிலையில் இருக்கிறது? 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ரத்தசோகை 57 சதவீதம் பேருக்கு, அதற்கு முந்தைய ஆய்வில் இருந்ததைவிடக் கூடுதல். இதில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் பங்குதான் அதிகம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ரத்தம் குறைந்த பிள்ளை காலை பத்து மணிக்கே சோர்ந்து டெஸ்கில் தலையைச் சாய்த்துவிடும். அதைச் சோம்பேறி என்று சொல்லும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளியில் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவள் நான். எழுதப் படிக்கவும் கணக்குப் போடவும் அடிப்படையைச் சொல்லித்தரும் எண்ணும் எழுத்தும் திட்டமும் நல்ல முயற்சிதான். ஆனால் இரண்டுமே ஒன்றாம் வகுப்பில்தான் தொடங்குகின்றன, பிள்ளைகளுக்கு நடுவே உள்ள வித்தியாசம் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் பல வீடுகளில் பாலுக்கும் முட்டைக்கும் போகிறது, அதையும் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பணம் அம்மாவுக்கு ஒரு மணி நேரத்தைக் கூட வாங்கித் தராது.

அந்த இடத்தில் நமக்கு இருப்பது பால்வாடி. தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன, அநேகமாக ஒவ்வொரு தெருவுக்கும் எட்டும் தூரத்தில். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்று அருமையான பாடத்திட்டம்கூட இருக்கிறது. யார் நடத்துவது? ஒரு பணியாளர், ஒரு உதவியாளர். உதவியாளர் சமையலைப் பார்க்கிறார். பணியாளர் எடை பார்க்க வேண்டும், உயரம் அளக்க வேண்டும், சத்துமாவு கொடுக்க வேண்டும், கர்ப்பிணிகள் வீட்டுக்குப் போக வேண்டும், தடுப்பூசி நாளில் கூட்டிவர வேண்டும், எல்லாவற்றையும் போனில் போஷன் டிராக்கர் என்ற அரசுச் செயலியில் ஏற்ற வேண்டும், சிக்னல் கிடைக்காவிட்டால் வாசலில் நின்று ஏற்ற வேண்டும். சில இடங்களில் வாக்காளர் பட்டியல் வேலையும் இவர்கள் தலையில்தான். பக்கத்து மையத்தில் ஆள் காலி என்றால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம் கதை எப்போது சொல்வது, பாட்டு எப்போது பாடுவது? பால்வாடி டீச்சரைக் குறை சொல்பவர்கள் ஒரு நாள் காலை பத்து மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் நம் மாநிலத்திலேயே சோதித்துப் பார்த்த வழி. சில வருஷங்களுக்கு முன் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 640 அங்கன்வாடி மையங்களை எடுத்து, அதில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு பாதி நேரப் பணியாளரைப் போட்டார்கள். அவருக்கு வேலை ஒன்றே ஒன்றுதான், முன்பருவக் கல்வி. ஒன்றரை வருஷம் கழித்துப் பார்த்தால் அந்த மையங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் இரண்டு மடங்கு ஆகியிருந்தது, கணக்கிலும் மொழியிலும் அந்தப் பிள்ளைகள் மற்ற மையத்துப் பிள்ளைகளைவிட நன்றாகவே முன்னேறியிருந்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பழைய பணியாளருக்குக் கை ஒழிந்ததால் அவர் சத்துணவு, உடல்நல வேலையில் கூடுதல் கவனம் செலுத்தினார், அதனால் அந்த மையங்களில் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது. ஒரே ஆளைப் போட்டதில் படிப்பும் தேறியது, உடம்பும் தேறியது. செலவைவிடப் பலன் பல மடங்கு என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். இவ்வளவு தெளிவாக இருந்தும் எல்லா மையங்களுக்கும் இது ஏன் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

இந்த மாதிரி வேலையின் பலன் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜமைக்காவைச் சொல்லலாம். 1980-களில் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில், வளர்ச்சி குன்றிய சின்னக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் போய், வீட்டில் கிடைக்கும் பொருளில் செய்த பொம்மைகளை வைத்துப் பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு வருஷம் இது நடந்தது. இருபது வருஷம் கழித்துப் பார்த்தபோது, அந்த உதவி கிடைக்காதவர்களைவிட அந்தப் பிள்ளைகள் 25 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை, பிள்ளையோடு பேசுவதற்கும் விளையாடுவதற்கும் ஒரு வழியைத்தான் காட்டினார்கள்.

இங்கே என்ன நடக்கிறது? பால்வாடியில் எதுவும் சொல்லித்தருவதில்லை என்று நினைத்து, வசதி இல்லாதவர்கள்கூடக் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்க்கிறார்கள். ஷூவும் டையும் போட்டு மூன்றரை வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றுகிறார்கள். யூகேஜி முடிவதற்குள் பீஸ் கட்ட முடியாமல் எங்களிடம் கொண்டுவந்து விடுபவர்கள் நிறையப் பேர். அந்தப் பிள்ளைகள் ஏ பி சி டி-யை மனப்பாடமாகச் சொல்வார்கள், ஆனால் பலருக்குத் தமிழில் ஒரு கதையைத் திருப்பிச் சொல்ல வராது. காசும் போய், பிள்ளைக்கும் பெரிதாக ஒன்றும் கிடைக்காமல் போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் மொத்த மையங்களோடு ஒப்பிட்டால் அது இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

நேரமும் ஒரு பிரச்சினை. பால்வாடி சாயங்காலம் பூட்டிவிடும், அம்மா வருவதோ ராத்திரி. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் ஊரில் ஏராளமான பெண்கள் வேலை செய்வது இருபது முப்பது பேர் இருக்கும், பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளிலும் பவர் டேபிள்களிலும். சட்டம் அவர்களை எட்டவே எட்டாது. பல சின்ன யூனிட்டுகள் சேர்ந்து ஒரு காப்பகம் நடத்தலாம், இல்லையென்றால் பனியன் கம்பெனிப் பகுதி மையங்களையாவது ராத்திரி எட்டரை வரை திறந்துவைக்கலாம். அதற்குத் தனி ஆள் போட்டுத்தான், இருக்கும் பணியாளரின் தலையில் இதையும் ஏற்றிவிட்டு அல்ல.

சரி, ஒரே வருஷத்தில் 54,000 மையங்களுக்கும் ஆள் போட முடியாது, புரிகிறது. காலியிடங்களை முதலில் நிரப்பட்டும். அடுத்ததாக, கூடுதல் பணியாளரை எங்கே தொடங்குவது என்பதற்கு எங்கள் திருப்பூர், சிவகாசிப் பட்டாசுப் பகுதி, திருவள்ளூர் செங்கல் சூளைகள் என்று இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான், சூளைக்கு வரும் ஒடிசாப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்த ஊர்ப் பெண்களிலேயே பிளஸ் டூ, டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், பயிற்சி கொடுத்தால் நாளைக்கே வருவார்கள். வரும் பட்ஜெட்டில் இதற்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கப்படுகிறதா என்பதைத் தங்கள் பத்திரிகை கவனித்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்றாம் வகுப்பு ஆசிரியை,
திருப்பூர் மாவட்டம்