ஐந்து பாகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்: வேலூர் வட்டார நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலகர்களுக்கு,

வணக்கம். கல்கியின் ஐந்து பாக நாவலான 'பொன்னியின் செல்வ'னை ஆசையாக எடுத்துப் போய்ப் பாதியில் விட்டவர்கள் நம் பக்கம் ஏராளம். அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரவல் கொடுக்கும் முறையும் ஒரு காரணம்.

மொத்தம் 293 அத்தியாயம். வேலைக்குப் போய் வருகிறவர் நாளைக்கு ஐந்து படிப்பதே பெரிது. அப்படியும் இரண்டு மாதம் ஆகும். முதல் பாகத்தின் 57 அத்தியாயம் 12 நாளில் முடியும். ஐந்தாம் பாகமான 'தியாகச் சிகர'த்தில் 91. அதற்கு மட்டும் 19 நாள் வேண்டும். எல்லாப் பாகத்துக்கும் ஒரே தவணை என்றால் சரியாக உச்சகட்டத்தில்தான் கெடு முடிகிறது. அதைவிட மோசம், மூன்றாம் பாகம் வேறொருவர் கையில் மாட்டிக்கொள்வது. ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் யார் எந்தச் சதியில் இருக்கிறார் என்பதே மறந்துவிடும்; மறுபடி தொட மனம் வராது. ஐந்தையும் ஒரே கட்டாக, ஒரே உறுப்பினர் அட்டையில், அறுபது நாளுக்குக் கொடுங்கள்.

அடுத்தது பைண்டிங். ஐந்தாம் பாகம் நல்ல தடிமன். வெறும் பசையில் நிற்கிற முதுகு, விரித்து வைத்துப் படிக்கப் படிக்கப் பிளந்து, கடைசித் தாள்கள் கழன்றுவிடும். கல்கியின் முடிவுரை அங்கேதான் இருக்கிறது. 1954இல் தொடர் முடிந்தபோது, கதைமாந்தர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்ட வாசகர்களுக்கு அவர் தந்த விளக்கம் அது. அதைப் படிக்காதவர் நாவலை முடித்தவராக மாட்டார். புதுப் பிரதி வந்ததும், இரவல் கொடுக்கும் முன்பே, நூலால் தைத்து முதுகில் காலிக்கோ துணி ஒட்டச் சொல்லுங்கள்.

முதல் பாகத்தின் உள்ளட்டையில் சோழர் வம்சாவளி ஒன்றை ஒட்டுங்கள். பெயர்க் குழப்பம் பாதி தீரும். விஜயாலயனில் தொடங்கி சுந்தர சோழரின் மூன்று பிள்ளைகளோடு நிறுத்திவிட வேண்டும். உத்தம சோழன் பெயர் மட்டும் வேண்டாம், கடைசிப் பாகத்தின் திருப்பமே கெட்டுப்போகும்.

முடித்தவருக்கு இரண்டு மூன்று நாள் வேறு புத்தகம் ஓடாது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனை உண்மையில் கொன்றது யார் என்று மனசு அரித்துக்கொண்டே இருக்கும். கொலைத் துரோகிகளாக ரவிதாசன் உள்ளிட்டோரைச் சொல்லும் உடையார்குடிக் கல்வெட்டின் வாசகத்தை அச்செடுத்து ஐந்தாம் பாகத்தோடு வையுங்கள். பக்கத்திலேயே வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் இருக்கட்டும்.

படித்து முடித்தவர்களை மேல்பாடிக்கு அழைத்துப் போகலாம். சுந்தர சோழரின் தந்தை அரிஞ்சயனுக்கு ராஜராஜன் எடுப்பித்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில், நம் காட்பாடிக்கு வடக்கே, பொன்னை ஆற்றங்கரையில் இருக்கிறது. நாவலில் இளவரசன் அருள்மொழியாக வருகிறவர், அரசரான பிறகு தாத்தாவுக்குக் கட்டிய கல் கோயில் அது. சோழ இளவரசன் ராஜாதித்தன் போரில் மடிந்த தக்கோலமும் அரக்கோணம் பக்கம்தான். இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். கல்வெட்டைப் பார்க்க வெயில் ஏறுவதற்கு முன் போய்ச் சேர்வது நல்லது, சாய்வான வெளிச்சத்தில்தான் எழுத்து தெளிவாகத் தெரியும்.

இப்படிக்கு,
வேலூர் வட்டார வாசகர்கள்